தார் ரோட்டில் தொடங்கும் பனிச்சறுக்கு: நீலகிரிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

தொட்டபெட்டா 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் குல்மார்க் இருப்பது 34ஆவது அட்சரேகையில், நாம் இருப்பது 11இல். அதனால் அங்கே ஜனவரியில் வீட்டுக் கூரை வரை பனி கொட்டுகிறது. இங்கே தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிகிறது, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது.

ஆக, நம்மிடம் உயரம் இருக்கிறது, மேடு இருக்கிறது, குளிர் இருக்கிறது. பனி மட்டும் இல்லை. குளிர்கால விளையாட்டுக்குப் போக வேண்டும் என்று ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். பனி இல்லாமலே எந்த விளையாட்டில் அதிக தூரம் போக முடியுமோ, அதைப் பிடிக்க வேண்டும்.

முதல் படி: எந்த விளையாட்டு?

டிவியில் பார்த்ததும் மனசுக்குப் பிடிப்பது பெரும்பாலும் ஆல்பைன் பனிச்சறுக்கு. மலைச்சரிவில் கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது. இந்தியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர் ஜெரமி புஜகோவ்ஸ்கி 1964இல் இன்ஸ்ப்ருக்கில் இறங்கியது இதில்தான். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், ஆல்பைனில் ஒரு வகையான ஜயன்ட் ஸ்லாலோமில் 45ஆவது இடம் பிடித்தார். ஆனால் அவர் வளர்ந்தது குல்மார்க் அடிவாரத்தில். சின்ன வயதிலிருந்தே பனிச்சரிவு பக்கத்திலேயே. ஆல்பைனில் கற்க வேண்டியது முழுக்க முழுக்கப் பனி மேல்தான். வருஷத்தில் ஒரு மாதம் குல்மார்க் போய் வந்து அதில் தேறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொழுதுபோக்குக்குச் சரி. போட்டிக்கு, குடும்பத்தில் நல்ல வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

லூஜ், பாப்ஸ்லெட், ஸ்கெலட்டன் மூன்றும் பனிக்கட்டிக் குழாய்ப் பாதையில் பாயும் விளையாட்டுகள். அப்படி ஒரு பாதை இந்தியாவில் இல்லை. மணாலி பக்கத்து வசிஷ்ட் கிராமத்து லூஜ் வீரர் சிவ கேசவன், சக்கரம் மாட்டிய வண்டியில் மலை ரோட்டில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே படுத்துக்கொண்டு பயிற்சி எடுத்தே 1998 நாகானோ முதல் 2018 பியோங்சாங் வரை ஆறு ஒலிம்பிக் போனார். நினைத்தாலே மலைப்பாக இருக்கும். ஆனால் குன்னூர் மலைப்பாதையில் அதை யாரும் முயல வேண்டாம். நம் ரோட்டில் ஓடும் டூரிஸ்ட் வண்டிகளின் எண்ணிக்கையே வேறு.

மிச்சத்தில் நான் பார்ப்பது இரண்டு. இரண்டுமே நமக்குத் தோதானவை.

ஒன்று, ஐஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங். ஏற்கெனவே இன்லைன் ஸ்கேட்டிங், அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூவில் ஓடும் பிள்ளைக்கு இது இயல்பான அடுத்த கட்டம். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் தங்கம் வாங்கினார். அது சக்கரத்தில் வாங்கிய தங்கம். சக்கரத்திலிருந்து ஐஸுக்குத் தாவுவது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் எரின் ஜாக்சன் வளர்ந்தது பனியே காணாத ஃபுளோரிடாவில், ஒக்காலா என்ற ஊரில். இன்லைனில் ஓடிக்கொண்டிருந்தவர், ஐஸுக்கு மாறிய சில மாதங்களிலேயே 2018 ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார். 2022இல் 500 மீட்டரில் தங்கம். நம் மாநிலத்துப் பிள்ளைகளும் 2025 கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில், லடாக்கின் லேயில் நடந்த கட்டத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் தங்கத்தோடு திரும்பினார்கள். சிக்கல் ஐஸ் தளம்தான். டேராடூனில் ஹிமாத்ரி அரங்கம், குருகிராமில் மால் ஒன்றுக்குள் ஒரு தளம் என்று வடக்கே போக வேண்டும்.

இன்னொன்று, கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு. நீளமான மெல்லிய சறுக்குக் கட்டைகள், இரண்டு கையிலும் கம்பு, மேடும் இறக்கமுமாகப் பல கிலோமீட்டர். சரிவில் பாய்வதை விட மூச்சும் தொடையும்தான் இதில் பேசும். ரோலர் ஸ்கீ என்ற சக்கரக் கட்டையில் தார் ரோட்டிலேயே இதன் பெரும்பகுதியைக் கற்கலாம். ஐரோப்பிய வீரர்களே கோடை முழுக்க அதில்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் நீலகிரிக்கு இதுதான். நமக்கு அண்டை மாவட்டமே போல இருக்கும் குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா 2025இல் சிலியில் 5 கிலோமீட்டர் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியிருக்கிறார். காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து அவர் போன பாதையில் தேயிலைத் தோட்டத்து ஊரிலிருந்தும் போகலாம். இனி இந்தக் கட்டுரை கிராஸ் கன்ட்ரியைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: முதலில் ஓட்டம்

கட்டை வாங்க அவசரப்படாதீர்கள். முதல் ஆறு மாதம் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டினால் போதும். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் செயற்கை ஓடுபாதை இருக்கிறது. அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் வேக ஓட்டம், மற்ற நாட்களில் மேட்டில் நீண்ட ஓட்டம். 2,200 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குல்மார்க் காற்று புதிதாக இருக்காது. சென்னையிலிருந்து வருபவர் முதல் சில நாள் தலைவலியோடு கிடக்கும்போது நம் பிள்ளை பயிற்சிக்குக் கிளம்பிவிடலாம். இலவசமாக நமக்குக் கிடைத்த சொத்து இது.

ஓட்டம் மட்டும் போதுமா? போதாது. கென்யாவின் பிலிப் பாய்ட் நல்ல நடுத்தூர ஓட்டக்காரர். ஃபின்லாந்துக்குப் போய்ப் பனிச்சறுக்கு கற்று, 1998 நாகானோவில் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் இறங்கினார். முதலில் வந்த நார்வேயின் பியோர்ன் டாலி 27 நிமிடத்தில் முடித்தார். பாய்ட் கடைசியாக வந்தபோது 47 நிமிடம் ஆகியிருந்தது. டாலி அவருக்காக முடிவுக் கோட்டருகே காத்திருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த 20 நிமிடத்தையும் பார்க்க வேண்டும். நுரையீரல் கென்யாவில் கிடைக்கும். சறுக்கும் நுட்பம் வேறு சமாசாரம். அதனால் ஓடும் நாட்களிலேயே இரண்டு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நின்று முட்டியை மடக்கி, உடம்பு ஆடாமல் ஒரு நிமிடம் நிற்பது. அப்புறம் ரப்பர் பட்டையை மரத்தில் கட்டி, இரண்டு கையாலும் மேலிருந்து கீழே இழுப்பது. கம்பூன்றித் தள்ளும் வலிமை தோளில் அல்ல, வயிற்றில் இருக்கிறது என்பது இரண்டே வாரத்தில் புரிந்துவிடும்.

மூன்றாம் படி: சக்கரம்

ரோலர் ஸ்கீயில் இரண்டு வகை உண்டு. கிளாசிக் கட்டையில் ஒரு சக்கரம் பின்னால் உருளாது, அதனால் நேராக உதைத்து முன்னேறலாம். ஸ்கேட்டிங் கட்டையில் சக்கரங்கள் தாராளமாக உருளும், பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். ஏற்கெனவே இன்லைன் தெரிந்த பிள்ளைக்கு ஸ்கேட்டிங் வகை. ஒன்றுமே தெரியாதவருக்கும் அதையே சொல்வேன். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் அதுவே அதிகம் பயன்படும்.

கட்டை, அதற்கென்றே இருக்கும் பூட்ஸ், பூட்ஸைப் பிடிக்கும் கொக்கி, கம்பு. எதுவும் ஊட்டியில் கிடைக்காது, கோவையிலும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேர்த்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி விலைக்கு வந்து நிற்கும். பழையது விற்கும் வீரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டையும் கம்பும் பழையதாக இருந்தால் பரவாயில்லை. பூட்ஸ் மட்டும் காலுக்குச் சரியாக இருக்க வேண்டும். பூட்ஸும் கொக்கியும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று வாங்கும் முன் பாருங்கள். வகை மாறினால் மாட்டவே மாட்டாது.

கம்பின் நீளம்: ஸ்கேட்டிங்குக்கு உங்கள் உயரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம். 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 150 முதல் 155. கிளாசிக் பந்தயத்தில் பூட்ஸ் போட்ட உயரத்தில் 83 சதவீதத்துக்கு மேல் கம்பு இருக்கக் கூடாது என்றே விதி. பனிக் கம்பின் அடியில் இருக்கும் அகலமான கூடையை எடுத்துவிட்டு, தார் ரோட்டுக்கென்று விற்கும் கார்பைடு முனையை மாட்ட வேண்டும். அது மழுங்கினால் ரோட்டில் வழுக்கும். அடிக்கடி தேய்த்துக் கூராக்க வைரத்தூள் பூசிய சின்ன அரம் ஒன்று பையில் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். ரோலர் ஸ்கீயில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், பிரேக் கிடையாது. நீலகிரியில் பிரேக் இல்லாத எதிலும் கீழே இறங்கக் கூடாது. மேலே ஏறுவது மட்டும்தான் பயிற்சி. உச்சிக்கு வந்ததும் கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மினி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக் கீழே இறங்கி, மறுபடி ஏறுங்கள். கண்டக்டர் முதல் நாள் ஒரு மாதிரி பார்ப்பார். அடுத்த வாரம் அவரே இடம் ஒதுக்குவார். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையை மறந்துவிடுங்கள், ஏறுவதற்குக்கூட வேண்டாம்.

இடம்: கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோடு ஏற்ற இறக்கமாகப் போகும், விடியற்காலையில் வண்டியும் குறைவு. அதிலும் ஏற்றத்தில் ஏறி, இறக்கம் வந்தால் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதைவிட நல்லது, தெரிந்த எஸ்டேட் மானேஜரிடம் அனுமதி வாங்கித் தோட்டத்துக்குள் இருக்கும் தார்ப்பாதையில் ஓடுவது. ஏப்ரல், மே சீசனில் பொது ரோடு பக்கமே போகாதீர்கள். சில்வர் ஓக் சருகும் கற்பூர மர இலையும் ஈரத்தில் கிடந்தால் சக்கரம் சறுக்கும், கம்பும் நிற்காது. மூடுபனி என்றால் அன்று வீட்டிலேயே ரப்பர் பட்டை. ஹெல்மெட், முட்டிக் கவசம், பின்னால் ஒளிரும் பட்டை இல்லாமல் கிளம்ப வேண்டாம். காட்டெருமை ரோட்டில் நின்றால் நீங்களும் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். கம்பை ஆட்டி விரட்டலாம் என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள்.

ஒரு அமர்வில் என்ன செய்வது? முதல் கால் மணி கம்பே இல்லாமல் ஓடுங்கள். வலது கட்டையில் முழு எடையையும் போட்டு எவ்வளவு நேரம் உருள முடிகிறது, இடதில் எவ்வளவு என்று கவனியுங்கள். புதியவர்கள் எடையை நடுவிலேயே வைத்துக்கொண்டு தத்தித் தத்திப் போவார்கள். மூக்கு, முட்டி, கட்டை முனை மூன்றும் ஒரே கோட்டில் வந்தால்தான் எடை மாறியது என்று அர்த்தம். யாரையாவது முன்னால் நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே பார்த்துத் திருத்துங்கள்.

நான்காம் படி: பனிக்குப் போவது

குல்மார்க் பருவம் டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை. அங்கே மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மணாலியில் உள்ள அரசு மலையேற்ற நிலையம் சோலாங்கில் வகுப்பு நடத்துகிறது. உத்தராகண்டில் ஔலி. இவற்றின் அடிப்படை வகுப்புகளில் பெரும்பாலும் ஆல்பைன் கட்டையைத்தான் மாட்டிவிடுவார்கள். பரவாயில்லை, ஒரு முறை செய்யுங்கள். விழுந்து எழுவதும், கட்டை முனைகளைச் சேர்த்துப் பின்னால் விரித்து வேகத்தைக் குறைப்பதும் கிராஸ் கன்ட்ரிக்கும் வேண்டும். நாம் இங்கே இறக்கத்தையே பழகவில்லை என்பதை மறக்க வேண்டாம். பனியில் முதல் வாரம் முழுக்க இறக்கத்துக்கே ஒதுக்குங்கள். கிராஸ் கன்ட்ரி வகுப்பு தனியாக எப்போது என்று சேரும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள்.

ரயிலில் போவதானால் கோவையிலிருந்து வாரம் ஒரு முறை கட்ரா வரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை நாள். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. முன்பு போல ஜம்மு ரோடு மூடிவிட்டது என்று வழியில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

உடுப்பு விஷயத்தில் நம்மவர்கள் செய்வது, இருக்கிற ஸ்வெட்டரையெல்லாம் மாட்டிக்கொள்வது. கிராஸ் கன்ட்ரியில் பத்தே நிமிடத்தில் வியர்வை ஊற்றும். பருத்தி பனியன் நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை உள்ளே இறக்கும். அதனால் உள்ளே செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளித் தெர்மல், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை, அவ்வளவுதான். கனமான ஜாக்கெட் ஓடி முடித்த பிறகு போட்டுக்கொள்ள. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது. பருவத்தின் கடைசி மாதமும் பொதுத்தேர்வும் ஒன்றாக வரும். எட்டு, ஒன்பது, பதினொன்றில் போய் வந்துவிடுங்கள். தலைமை ஆசிரியரிடம் நவம்பரிலேயே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பந்தயமும் புள்ளியும்

உள்நாட்டில் முதல் மேடை தேசியப் போட்டியும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டும். பனி சார்ந்தவை குல்மார்க்கில், ஐஸ் சார்ந்தவை லேயில். மாநில அணியிலோ ராணுவம் போன்ற படைகளின் அணியிலோதான் போக முடியும். சர்வதேசப் பந்தயத்துக்கு, உலகப் பனிச்சறுக்கு அமைப்பான எஃப்.ஐ.எஸ். வழங்கும் வீரர் எண் வேண்டும். அதைத் தேசியச் சங்கம், அதாவது ஸ்கீ அண்ட் ஸ்னோபோர்டு இந்தியா வழியாகத்தான் வாங்க முடியும். "நேராக ஒலிம்பிக் அனுப்புகிறேன், இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், வீரர் எண்ணை எப்போது, எந்தச் சங்கம் மூலம் எடுத்துத் தருவீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள்.

எஃப்.ஐ.எஸ். புள்ளி குறையக் குறைய நல்லது. கணக்கு எளிது. உங்கள் நேரத்தை வெற்றியாளர் நேரத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 800ஆல் பெருக்க வேண்டும். இது தனித்தனியாகக் கிளம்பும் பந்தயத்துக்கு. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயத்துக்குப் பெருக்குத்தொகை இன்னும் பெரியது. அதோடு அந்தப் பந்தயத்தின் தரத்தைப் பொறுத்து ஒரு தொகை கூடும். சின்னப் பந்தயம் என்றால் அதிகம் கூடும், ஒலிம்பிக்கில் பூஜ்யம்.

2018 பியோங்சாங் 15 கிலோமீட்டர் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோனா 33 நிமிடம் 44 வினாடி. இந்திய ராணுவத்தின் ஜக்தீஷ் சிங் சுமார் 43 நிமிடம், 103ஆவது இடம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 220 புள்ளி. அந்த ஒலிம்பிக்குக்கு நாட்டுக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச இடத்தைப் பிடிக்க, ஐந்து பந்தயங்களின் சராசரி 300க்குள் இருந்தால் போதும். அதாவது உலகின் முதல் வீரரை விட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கினாலும் கதவு திறந்தே இருந்தது. 300 என்பது 2018க்குச் சொன்ன எண். தகுதி விதி ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் மாறும். அடுத்தது 2030இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில். அதற்கான விதியை எஃப்.ஐ.எஸ். தளத்தில் நீங்களே படியுங்கள், யாரோ சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அதே பந்தயத்தில் ஜக்தீஷுக்குப் பின்னால் வந்தவர்களில் டோங்கா தீவின் பிடா டௌஃபடோஃபுவாவும் ஒருவர். பசிபிக் நடுவில் இருக்கும் வெப்பத் தீவு. அவர் கொலம்பியாவில் தார் ரோட்டில் நடந்த ரோலர் ஸ்கீ பந்தயங்களில் புள்ளி சேர்த்தார். பனி மேல் ஒரு பந்தயமாவது வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் ஐஸ்லாந்து போய் அதையும் முடித்தார். எஃப்.ஐ.எஸ். அட்டவணையில் ரோலர் ஸ்கீ பந்தயங்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் முதலில் தேட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

ராணுவ வழியும் உண்டு. ஜக்தீஷ் சிங்கும், 2014 சோச்சிக்குப் போன நதீம் இக்பாலும் ராணுவத்தினர். குல்மார்க்கில் இருக்கும் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி பனிச்சறுக்குக்குப் பேர்போனது. குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமைப் பார்த்து வளர்ந்து, எப்படியும் படையில் சேரப் போகிறேன் என்றிருக்கும் பிள்ளைக்குச் செலவில்லாத வழி இதுதான். சேர்ந்த பிறகு, விளையாட்டுப் பிரிவுக்கு விருப்பம் தெரிவித்துக் கேட்க வேண்டும். தானாக யாரும் அனுப்ப மாட்டார்கள்.

சில்லறை வேலைகள்

பாஸ்போர்ட்டை முதல் பனிப் பயணத்தின்போதே எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய விசாவுக்குப் பயணக் காப்பீடு கேட்பார்கள். சாதாரணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து சேராது, அதைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

ஊட்டிக் குளிருக்குச் சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது நம் பழக்கம். போட்டிக்குப் போகிறவர் அதை விட்டுவிட வேண்டும். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் போட்டி நாளில் அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். ப்ரெட்னிசோலோன் மாத்திரையும் போட்டி நேரத்தில் கூடாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் டாக்டர் சீட்டோடு முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளவும். மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒரு பைலில் போட்டு வைத்து, ஒவ்வொரு மருந்தின் பெயரையும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாயில் போடுங்கள்.